நியாயப்பிரமாணமா, விசுவாசமா? கலாத்தியர் பாடத்துக்குப் பின் வந்த கேள்விகளும் பதில்களும்

அப்போஸ்தலனாகிய பவுல் கலாத்தியா சபைகளுக்கு எழுதிய கடிதமான கலாத்தியர் நிருபத்தைப் படித்து முடித்தவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. நியாயப்பிரமாணம் என்றால் மோசே மூலம் இஸ்ரவேலருக்குக் கொடுக்கப்பட்ட கட்டளைகள். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: ஐயா, "விசுவாசத்தினாலே நீதிமானாக்கப்படுதல்" என்று பிரசங்கத்தில் அடிக்கடி கேட்கிறேன். எளிமையாகச் சொல்லுங்களேன்.

நீதிமன்றத்தில் நிற்கும் ஒருவனுக்கு விடுதலைத் தீர்ப்பு கிடைக்கிறது. அவன் குற்றமற்றவன் என்று நிரூபித்துக்கொண்டதால் கிடைத்த தீர்ப்பு அல்ல. கிறிஸ்து அவனுக்காகச் செய்து முடித்ததை நம்பி, அதன்மேல் சாய்ந்துகொண்டதால் கிடைத்தது. ரோமர் 3:28 இதைத்தான் ஒரே வரியில் சொல்கிறது. ஆனால் அந்த வரியை மட்டும் மனப்பாடம் செய்தால் அதன் சூடு தெரியாது. இது ஒரு சண்டைக்கு நடுவில் எழுதப்பட்ட சங்கதி.

கேள்வி: என்ன சண்டை அண்ணா? பவுலுக்கு அவ்வளவு கோபம் ஏன்?

கோபம்தான். மற்ற நிருபங்களில் வாழ்த்து முடிந்ததும் சபைக்காக நன்றி சொல்லிவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவது பவுலின் வழக்கம். கலாத்தியரில் நன்றியே இல்லை. மூன்றாம் அதிகாரம் "புத்தியில்லாத கலாத்தியரே" என்றுதான் தொடங்குகிறது.

கலாத்தியா இன்றைய துருக்கியில் இருக்கும் பகுதி. அங்கே யூதரல்லாதவர்கள் பவுலின் பிரசங்கத்தைக் கேட்டு கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டார்கள். அவர் போன பிறகு வேறு சிலர் வந்து, "நம்பியது சரி, ஆனால் விருத்தசேதனம் செய்துகொண்டால்தான் ஆபிரகாமின் பிள்ளைகள் ஆவீர்கள்" என்று போதித்தார்கள். விருத்தசேதனம் என்பது ஆண்களின் நுனித்தோலை நீக்கும் யூதச் சடங்கு, ஆபிரகாம் யூதர்களின் முற்பிதா.

இதே பிரச்சினை அந்தியோகியாவில் சாப்பாட்டுப் பந்தியில் வெடித்ததைப் பவுல் இரண்டாம் அதிகாரத்தில் சொல்கிறார். இயேசுவின் சீஷரான பேதுரு புறஜாதியாரோடு, அதாவது யூதரல்லாதவர்களோடு, உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேம் சபைத் தலைவரான யாக்கோபினிடத்திலிருந்து சிலர் வந்ததும் பயந்து எழுந்து விலகிவிட்டார். மற்ற யூத விசுவாசிகளும் விலக, பவுலின் உடன் ஊழியர் பர்னபாவும் கூடப் போனார். பவுலோ எல்லாருக்கும் முன்பாகப் பேதுருவைக் கண்டித்தார். "நீதியானது நியாயப்பிரமாணத்தினாலே வருமானால் கிறிஸ்து மரித்தது வீணாயிருக்குமே" என்ற வசனம் (2:21) இந்தச் சம்பவத்தை ஒட்டித்தான் வருகிறது. யாரோடு யார் உட்கார்ந்து சாப்பிடலாம் என்பதில் சுவிசேஷமே அடங்கியிருக்கிறது என்று அவர் பார்த்தார். பந்தியில் ஆள் பார்த்து இடம் போட்ட சரித்திரம் உள்ள நம் சபைகள் இந்தப் பகுதியை மெதுவாகப் படிக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

கேள்வி: பவுல் ஆபிரகாமைக் காட்டி "விசுவாசத்தால்" என்கிறார். யாக்கோபு 2:24 அதே ஆபிரகாமைக் காட்டி "விசுவாசத்தினாலே மாத்திரமல்ல, கிரியைகளினாலேயும் (செயல்களாலும்)" என்கிறார். யாராவது ஒருவர் தப்புதானே?

நிறைய பேர் கேட்ட கேள்வி இது. ஆபிரகாமின் வாழ்க்கையை வரிசையாக வைத்துப் பார்த்தால் முடிச்சு பாதி அவிழ்ந்துவிடும்.

ஆதியாகமம் 15-ல் நட்சத்திரங்களைக் காட்டி, "உன் சந்ததி இவ்வளவாய் இருக்கும்" என்று தேவன் சொல்கிறார். ஆபிராம் (ஆபிரகாமின் பழைய பெயர்) நம்புகிறார், அது அவருக்கு நீதியாக எண்ணப்படுகிறது. அடுத்த அதிகாரத்தில் இஸ்மவேல் பிறக்கும்போது அவருக்கு வயது 86. விருத்தசேதனம் நடப்பதோ 17-ஆம் அதிகாரத்தில், 99 வயதில். ஆக, நீதிமான் என்று எண்ணப்பட்டதற்கும் விருத்தசேதனத்துக்கும் நடுவில் 13 வருஷத்துக்கு மேல் இடைவெளி. ரோமர் 4:10-ல் பவுல் பிடித்துக்கொள்வது இந்த இடைவெளியைத்தான். நீதிமான் என்று எண்ணப்பட்டபோது ஆபிரகாம் விருத்தசேதனம் இல்லாதவர், அப்படியிருக்க கலாத்தியனுக்கு மட்டும் அது ஏன் நிபந்தனை? நியாயப்பிரமாணமோ வாக்குத்தத்தத்துக்கு 430 வருஷம் கழித்து வந்தது (கலாத்தியர் 3:17). பின்னால் வந்தது முன்னால் கொடுத்ததை ரத்துசெய்யாது.

யாக்கோபு எடுப்பது 22-ஆம் அதிகாரம், ஈசாக்கைப் பலிபீடத்தில் கிடத்திய சம்பவம். அது எவ்வளவோ காலத்துக்குப் பிறகு நடந்தது. அவர் பேசும் ஆட்களும் வேறு. வஸ்திரமில்லாத சகோதரனைப் பார்த்து "குளிர்காய்ந்து பசியாறுங்கள்" என்று வாயால் மட்டும் சொல்லி அனுப்புகிறவர்களை அவர் திட்டுகிறார். அவர்களுடைய விசுவாசம் "தேவன் ஒருவர் உண்டு" என்று ஒத்துக்கொள்வதோடு நின்றுவிடுகிறது, அது பிசாசுகளுக்கும் உண்டு. பவுலிடம் இப்படி ஒரு விசுவாசத்தைக் காட்டினால் அவரும் ஏற்க மாட்டார். "அன்பினால் கிரியைசெய்கிற விசுவாசமே உதவும்" என்று எழுதியவர் அவர்தான் (கலாத்தியர் 5:6).

இருவருடைய அழுத்தமும் ஒன்றேதான் என்று நான் சொல்லமாட்டேன். "விசுவாசம் மட்டும்" என்று போதித்த 16-ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதி லூத்தருக்கே யாக்கோபின் நிருபம் உறுத்தலாக இருந்தது. இரண்டு குரலையும் அப்படியே விட்டுவைப்பதுதான் நேர்மை.

கேள்வி: அப்படியானால் பவுலே தன் உடன் ஊழியர் தீமோத்தேயுவுக்கு ஏன் விருத்தசேதனம் செய்தார்? (அப்போஸ்தலர் 16:3) இது இரட்டை வேஷம் இல்லையா?

நல்ல பிடி! தீத்துவையும் பக்கத்தில் வையுங்கள். தீத்து பவுலோடு இருந்த கிரேக்கர். விருத்தசேதனம் இல்லாமல் அவர் முழு விசுவாசி ஆகமுடியாது என்ற வற்புறுத்தல் வந்தபோது பவுல் ஒரு நாழிகைகூட இணங்கவில்லை (கலாத்தியர் 2:3-5). தீமோத்தேயுவின் தாய் யூதப் பெண். அந்தப் பகுதி யூதர்களுக்குள் ஊழியம் செய்யப் போகும்போது தடை இருக்கக்கூடாது என்று செய்தது அது. தீமோத்தேயுவின் இரட்சிப்புக்கு அது தேவை என்று யாரும் சொல்லவில்லை. நிபந்தனை ஆக்கினால் எதிர்ப்பார், ஆக்காவிட்டால் விட்டுக்கொடுப்பார்.

கேள்வி: யூதர்கள் எல்லாரும் நற்செயல் செய்து பரலோகத்தை "வாங்க" முயன்றவர்கள் என்று வேதபாட வகுப்பில் சொன்னார்கள். சரியா?

ரொம்பவும் எளிமைப்படுத்திய பேச்சு. யாத்திராகமம் 20-ஐத் திறந்து பாருங்கள். பத்துக் கட்டளைகளுக்கு முன்னால், "உன்னை எகிப்திலிருந்து புறப்படப்பண்ணின தேவன் நான்" என்று வருகிறது. மீட்பு முதலில், கட்டளை பிறகு. இ.பி. சாண்டர்ஸ் என்ற அறிஞர் 1977-ல் அக்கால யூத நூல்களை ஆராய்ந்து, யூத மார்க்கமும் கிருபையில்தான் தொடங்குகிறது என்று வாதிட்டார். அதிலிருந்து பவுலைப் படிக்கும் விதமே பெரிய விவாதமாகிவிட்டது. பவுல் தாக்கியது யூதர்–புறஜாதியார் என்று பிரிக்கும் வேலியை என்பது ஒரு கட்சி. மனிதன் தன் தகுதியைக் காட்டி நிற்பதையே என்பது இன்னொரு கட்சி. கலாத்தியரில் முதலாவது தூக்கலாக இருக்கிறது, ரோமர் 4-ல் இரண்டாவதும் தெளிவாக இருக்கிறது.

கேள்வி: விசுவாசம் போதும் என்றால் இஷ்டப்படி பாவம் செய்யலாமா?

ரோமர் 6:1, 2. பவுல் காலத்திலேயே கேட்டுவிட்டார்கள். "கூடாதே" என்பதுதான் அவர் பதில்.

கேள்வி: நான் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை, புராட்டஸ்டண்ட்), என் மனைவி ரோமன் கத்தோலிக்க சபை. இந்த விஷயத்தில் வீட்டில் வாக்குவாதம் ஓய்வதில்லை. யார் சொல்வது சரி, பிரதர்?

குடும்ப வழக்கில் நான் தீர்ப்பு சொல்ல வரவில்லை! சரித்திரத்தை மட்டும் சொல்கிறேன். 1547-ல் கத்தோலிக்க ஆயர்களின் திரெந்து சங்கம் லூத்தர் தரப்பின் "விசுவாசம் மட்டும்" என்ற போதனையை, அது எந்த ஒத்துழைப்பும் வேண்டாம் என்ற பொருளில் சொல்லப்பட்டால் செல்லாது என்று கண்டித்தது. தேவன் நீதிமான் என்று அறிவிக்கிறார் என்பது லூத்தர் தரப்பின் அழுத்தம். உள்ளுக்குள் உண்மையிலேயே நீதிமானாக மாற்றுகிறார் என்பது கத்தோலிக்க அழுத்தம்.

அப்புறம் 1999 அக்டோபர் 31-ஆம் தேதி ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்க சபையும் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. நம் தகுதியால் அல்ல, கிறிஸ்துவின் மீட்புச் செயலை நம்பி, கிருபையினால் மட்டுமே தேவன் நம்மை ஏற்றுக்கொள்கிறார் என்று இரு தரப்பும் சேர்ந்து சொன்னார்கள். 2006-ல் உலக மெதடிஸ்டு பேரவையும் 2017-ல் சீர்திருத்த சபைகளின் உலக ஐக்கியமும் அதில் இணைந்தன. மிச்ச வேறுபாடுகள் இருக்கின்றன, ஆனால் ஒருவரையொருவர் சபிக்கும் அளவுக்கு இல்லை என்று அறிக்கையே சொல்கிறது. இருவரும் சேர்ந்து அதைப் படித்துவிட்டு வாக்குவாதத்தைத் தொடரலாம்.

கேள்வி: எனக்கு விசுவாசம் குறைவு என்று பயமாக இருக்கிறது. எவ்வளவு இருந்தால் போதும்?

தம்பி, விசுவாசத்தை அளந்து பார்க்கத் தொடங்கினால் அதுவே இன்னொரு கிரியை ஆகிவிடும். மாற்கு 9:24-ல் ஒரு தகப்பன், "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கண்ணீரோடு கத்துகிறார். இயேசு அவரை அளவு கேட்டுத் திருப்பி அனுப்பவில்லை.

கேள்வி: தசமபாகம் கொடுக்காவிட்டால் குடும்பத்துக்குச் சாபம் என்று எங்கள் சபையில் மல்கியா 3-ஐ வாசித்துப் பயமுறுத்துகிறார்கள். கடன் வாங்கிக் கொடுக்கிறேன்.

கடன் வாங்கிக் கொடுக்காதீர்கள் அக்கா. மல்கியா பேசுவது ஆலயமும் லேவியரும் இருந்த இஸ்ரவேலிடம். கிறிஸ்து நமக்காகச் சாபமாகி நம்மை நியாயப்பிரமாணத்தின் சாபத்திலிருந்து மீட்டார் என்று கலாத்தியர் 3:13 சொல்லும்போது, அதே சாபத்தைக் காட்டி வசூலிப்பது பவுல் எதிர்த்த போதனைக்குப் பக்கத்தில் போய் நிற்கிறது. பத்தில் ஒன்று கொடுக்கப் பிரியப்பட்டால் தாராளமாகக் கொடுக்கலாம், தப்பில்லை. உங்கள் போதகரோடு உட்கார்ந்து 2 கொரிந்தியர் 8, 9 அதிகாரங்களைப் படியுங்கள். எருசலேமின் ஏழை விசுவாசிகளுக்காகப் பவுல் காணிக்கை சேர்த்தபோது எழுதியது அது. "விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல" என்கிறார், ஒருவனிடத்தில் இல்லாததைக் கேட்கவில்லை என்றும் எட்டாம் அதிகாரத்தில் சொல்கிறார்.