எதிரியும் தியாகியும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வாஞ்சிநாதன் பற்றி மூன்று பேரிடம் கேட்டேன். ஒருவர் தியாகி என்றார், ஒருவர் கொலையாளி என்றார், மூன்றாமவர் சாதிவெறியர் என்றார். எல்லாம் அவரவர் பார்வை என்று விட்டுவிட வேண்டியதுதானா? மூல ஆவணங்களைப் படித்தால் தெளிவு கிடைக்குமா? எப்படிப் படிப்பது?

க.

அன்புள்ள க.,

கிடைக்கும். ஆனால் காகிதத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்குமுன், அது எந்த மேஜைக்காக எழுதப்பட்டது என்று பாருங்கள்.

மத்திய அரசு 1972-ல் தொடங்கி 1980-ல் விரிவாக்கிய தியாகிகள் ஓய்வூதியத் திட்டத்தையே எடுத்துக்கொள்வோம். குறைந்தது 6 மாதம் சிறையில் இருந்திருக்க வேண்டும். பெண்களுக்கும் பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும் அது 3 மாதம். அதற்குச் சிறை ஆவணத்திலிருந்து சான்று வேண்டும். தலைமறைவாக இருந்தவரென்றால், அவரைத் தேடப்படும் குற்றவாளியாக அறிவித்த உத்தரவோ தலைக்கு விலை வைத்த அறிவிப்போ காட்ட வேண்டும். ஒருவரைக் குற்றவாளி என்று சொன்ன அதே தாள்தான் அவரைத் தியாகி என்று நிரூபிக்கிறது. பெயர், தேதி, சட்டப்பிரிவு எதுவும் மாறுவதில்லை.

ஒரே அரசுக்குள்ளும் மேஜைக்கு மேஜை பார்வை வேறு. இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவர்களைச் சுதந்திர இந்தியாவின் ராணுவம் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. ஓய்வூதியத் திட்டமோ அவர்களைத் தியாகிகளாக ஏற்றது.

அடுத்து, அடைமொழியை விட்டுவிட்டுப் பிரிவு எண்ணைப் பாருங்கள். பழைய தண்டனைச் சட்டத்தில் 302 கொலை, 121 அரசுக்கு எதிராகப் போர் தொடுத்தல், 121ஏ அதற்கான சதி, 124ஏ ராஜதுரோகம். 302-ல் ஒரு பிணம் இருக்கிறது. மற்றவற்றில் பாதிக்கப்பட்டவர் அரசேதான், ஆகவே அரசு மாறினால் குற்றமும் கரைந்துபோகும். 1908-ல் 124ஏ-யில் தண்டனை பெற்ற வ.உ.சி.யைப் பற்றி இன்று தகராறு இல்லாததற்கு இதுவும் காரணம். கோவைச் சிறையில் அவரை இழுக்க வைத்த செக்கு சென்னை காந்தி மண்டபத்தில் காட்சிக்கு இருக்கிறது. பிரிவுகள் மட்டும் கரையவில்லை. 1950-ல் 121-ஆம் பிரிவில் அரசியின் பெயர் இருந்த இடத்தில் இந்திய அரசு வந்து உட்கார்ந்தது, மரண தண்டனை அப்படியே இருந்தது. 2024 ஜூலை முதல் அதே குற்றம் பாரதிய நியாய சன்ஹிதாவில் 147.

வாஞ்சிக்கு வருவோம். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி சந்திப்பில் நின்ற ரயிலில் திருநெல்வேலி கலெக்டர் ஆஷைச் சுட்டுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்டார். ஆகவே அவர்மேல் வழக்கு நடக்கவே இல்லை, 'தண்டிக்கப்பட்ட கொலையாளி' என்று எழுதுவது பிழை. வழக்கு நடந்தது மற்ற 14 பேர்மேல். முதல் எதிரி நீலகண்ட பிரம்மச்சாரிக்கு 7 ஆண்டு. (நம் கோர்ட்டுத் தமிழில் குற்றம் சாட்டப்பட்டவருக்குப் பெயரே எதிரி. தீர்ப்பு வருமுன்பே!) சதி வழக்கென்றால் அப்ரூவர் சாட்சியம் இருக்கும். அப்ரூவர் அரசுத் தரப்புச் சாட்சியாக மாறி, தன் கழுத்தைக் காப்பாற்றிக்கொள்ளப் பேசுபவர். அவர் சொல்லும் கூட்டம், தேதி, ஆள் மூன்றையும் ஒரு கடிதத்தோடோ பயணத்தோடோ ஒத்துப் பாராமல் எடுக்காதீர்கள். 1947-க்குப் பின் வந்த நினைவுக் குறிப்புகளில் ஆபத்து நேர்மாறானது: அங்கே யாருக்கும் பயமே இருந்திருக்காது.

உங்கள் மூன்றாமவர் சும்மா சொல்லவில்லை. வாஞ்சியின் சட்டைப்பையில் இருந்த கடிதத்தை முழுசாகப் படியுங்கள். ராமனும் கிருஷ்ணனும் சிவாஜியும் ஆண்ட தேசத்தில், கோமாமிசம் தின்னும் மிலேச்சனாகிய 'ஜார்ஜ் பஞ்சமனுக்கு' முடிசூட்டுவதா என்று அது கொதிக்கிறது. லண்டனில் முடிசூட்டு விழாவுக்கு ஐந்து நாள்தான் இருந்தது. வடமொழியில் பஞ்சமன் என்றால் ஐந்தாமவன், ஐந்தாம் ஜார்ஜுக்கு அது நேரான பொருள். ஆனால் கோமாமிசத்துக்கும் மிலேச்சனுக்கும் பக்கத்தில் அந்தச் சொல் வரும்போது, ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்ட பஞ்சமர் காதில் அது வேறாகத்தான் விழும். எழுதியவர் சிலேடையாக எழுதினாரா என்பதைக் கடிதத்தைக் கொண்டு முடிவு செய்ய முடியாது. சனாதன தர்மம் காலால் மிதிபடுகிறது என்ற கோபம் மட்டும் அதில் ஒளிவு மறைவில்லாமல் இருக்கிறது.

கடிதத்தில் இல்லாததையும் கவனியுங்கள். வ.உ.சி. பெயர் இல்லை, சுதேசிக் கப்பல் இல்லை. அதனாலேயே, வ.உ.சி.க்காகப் பழிவாங்கிய கொலை என்ற விளக்கம் பொய்யாகிவிடாது. 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானதும் நெல்லையில் மூண்ட கலவரத்தில் 4 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், அப்போது தூத்துக்குடியில் அதிகாரியாக இருந்தவர் ஆஷ். இத்தனை வெள்ளைக்காரர்களில் அவரை ஏன் குறிவைத்தார்கள் என்பதற்கு இது பதில் சொல்கிறது. கடிதம் அதைச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

எதிர்ப்பக்கத்துக் கதை ஒன்றும் உலவுகிறது. பிரசவ வலியில் துடித்த தலித் பெண்ணை ஆஷ் அக்ரகாரம் வழியே கொண்டுபோனார், அதனால்தான் கொல்லப்பட்டார் என்று. அந்தக் காலத்து ஆவணம் எதையும் இதற்கு யாரும் காட்டியதில்லை. ஒரு தரப்பு கடிதத்தில் இருப்பதை வெட்டுகிறது, மறு தரப்பு இல்லாததை ஒட்டுகிறது. 'அவரவர் பார்வை' என்று இரண்டையும் மன்னித்துவிடாதீர்கள், இது பார்வைக் கோளாறு அல்ல, கத்தரி வேலை.

ஆகவே முதலில் கடிதம், பிறகு குற்றச்சாட்டில் உள்ள பிரிவுகள், பிறகு தீர்ப்பு. தீர்ப்பில் பெரும்பான்மை நீதிபதிகளோடு நிறுத்திக்கொள்ளாமல், மாறுபட்டு எழுதிய சங்கரன் நாயரையும் படியுங்கள். நினைவுக் குறிப்புகளைக் கடைசியில் தொட்டால் போதும்.