நிபுணர்கள் இருக்கும்போது பொதுமக்களிடம் எதற்குக் கேட்க வேண்டும்?

புதுத் தொழில்நுட்பம் வேண்டுமா என்று அரசு முடிவு செய்ய நிபுணர்கள் போதாதா, விவரம் தெரியாத ஜனங்கள் எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். நான் தேனி மாவட்டத்துப் போடிக்காரன், நியூட்ரினோ என்ற நுண்துகளை ஆராயும் ஆய்வகம் வருகிறது என்ற பேச்சு ஓடிய காலத்தில் டீக்கடையில் உட்கார்ந்து கேட்டவன்.

எங்கள் பக்கத்துப் பொட்டிப்புரத்தில் மலையைக் குடைந்து அந்த ஆய்வகம் என்றதும் எங்கள் ஆட்களுக்கு வந்த கேள்வி நியூட்ரினோ என்றால் என்ன என்பது மட்டுமில்லை. வெடி வைத்தால் கிணற்று ஊற்று என்னாகும், வெட்டிய கல்லை எங்கே கொட்டுவார்கள், ஆடு மாடு போகும் தடத்தை மறிப்பார்களா? இயற்பியலாளருக்கு இதெல்லாம் தோன்றாது, அது அவர் தப்பும் இல்லை.

டென்மார்க்கில் இப்படி ஜனங்களிடம் கேட்பதை 1987லேயே மரபணுத் தொழில்நுட்பத்தை வைத்துத் தொடங்கிவிட்டார்கள். பதினைந்து பேர் அளவில் சாதாரண ஆட்களைக் கூட்டி, படிக்கக் கொடுத்து, இரண்டு வார இறுதிகள் தயார்செய்து, அப்புறம் எல்லோர் முன்னாலும் நிபுணர்களை அவர்களே குடைந்து கேட்டார்கள். அறிக்கை எழுதுவதும் அவர்கள்தான். நாடாளுமன்றம் அதற்குக் கட்டுப்பட வேண்டும் என்று இருக்கவில்லை.

இங்கே மரபணு மாற்றிய பிடி கத்தரிக்காய்க்கு 2010இல் அப்போதைய மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஏழு நகரங்களில் கருத்துக் கேட்டு, பிப்ரவரியில் நிறுத்திவைத்தார். நல்லதுதான், ஆனால் மைக் கிடைத்தவர் பேசும் கூட்டம் வேறு, உட்கார்ந்து படித்து யோசிப்பது வேறு.

எங்களுக்கு எல்லைச் சிக்கலும் உண்டு. பொட்டிப்புரம் ஆய்வக இடத்திலிருந்து கேரளத்தின் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா ஐந்து கிலோமீட்டருக்குள். டென்மார்க் மாதிரி குழு போட்டால் கேரளப் பக்கம் பூப்பாறை ஏலத்தோட்டக்காரரும் வேண்டும், அங்கே ஜீப் ஏறிக் கூலிக்குப் போகும் எங்கள் ஊர்ப் பெண்களும் வேண்டும்.