சான்றிதழ்த் தரகரிடம் ஒரு ராண்ட் கூடக் கொடுக்காதீர்கள்

கேள்வி: தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்தில் வசிக்கிறோம். என் மாமியாருக்கு வயது 61, பள்ளிக்கே போனதில்லை. அவரைப் போன்ற பெண்களுக்காகக் கோயில் மண்டபத்தில் வகுப்பு தொடங்க நினைக்கிறோம். தலைக்கு 1,800 ராண்ட் கட்டினால் ஆறு மாதத்தில் அரசுச் சான்றிதழ் வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். நம்பலாமா? தமிழில் தொடங்குவதா, ஆங்கிலத்திலா?

பதில்: நம்பவே வேண்டாம், சகோதரி. முதியோர் கல்வியில் நான்கு நிலைகள் உண்டு. நான்காவதை முடித்துத் தேர்வில் தேறினால்தான் ஒன்பதாம் வகுப்புக்குச் சமமான சான்றிதழ். அந்தத் தரத்துக்குப் பொறுப்பு உமாலுசி என்ற அரசு அமைப்பு. எழுத்தே அறியாதவரை ஆறு மாதத்தில் அங்கே கொண்டுபோய் நிறுத்த யாராலும் ஆகாது. இத்தகைய தரகர்கள் கடைசியில் நீட்டுவது பளபளக்கும் முத்திரை குத்திய வருகைத் தாள்தான். அடையாள அட்டை நகலும் கேட்பார்கள். கொடுக்காதீர்கள், யார் பெயரில் என்ன கடன் விழும் என்று சொல்ல முடியாது.

மாமியாருக்கு வேண்டியது உதவித்தொகைக் கடிதத்தையும் மருந்துச் சீட்டையும் தாமே படிக்கும் திறன். படிக்கத் தெரியாதவர் என்றால் மஷோனிசாக்கள் எனப்படும் கந்துவட்டிக்காரர்களுக்குக் கொண்டாட்டம். அரசு உதவித்தொகை எடுக்கும் சாசா அட்டையையும் ரகசிய எண்ணையும் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். கடனுக்கு ஈடாக அவற்றைப் பிடித்து வைப்பதை 2005-ஆம் ஆண்டின் தேசியக் கடன் சட்டம் தடுக்கிறது. கடன் பாக்கி இருந்தாலும் அட்டையைத் திருப்பிக் கேளுங்கள்.

கடையில் எந்த மொழியில் பேரம் பேசுகிறாரோ, அதில் தொடங்குங்கள். உங்கள் ஊரில் அது பெரும்பாலும் ஆங்கிலமாகவே இருக்கும். தேவாரம் படிக்கும் ஆசைக்குத் தமிழ் அடுத்து வரட்டும்; இரண்டையும் ஒன்றாகத் திணிக்க வேண்டாம். அவர் சொல்லும் இரண்டு வாக்கியங்களை அப்படியே எழுதி, அதையே படிக்க வையுங்கள். அதற்கு முன் கண்ணைப் பரிசோதியுங்கள். வெள்ளெழுத்து என்று தெரியாமல், "எனக்குப் படிப்பு ஏறாது" என்று ஒதுங்கியவர்கள் ஏராளம்.

வகுப்பைக் காலையில் வையுங்கள். அரசு மையங்கள் பல, பள்ளி விட்ட பிறகு அதே கட்டடத்தில் நடக்கின்றன. இருட்டிய பின் எந்தப் பாட்டி போவார்? அடிப்படைக் கல்வி பெரியவர்களுக்கும் உரிமை என்று அரசியலமைப்பின் 29-ஆவது பிரிவு சொல்கிறது. 2008-இல் தொடங்கிய கா ரி குடே என்ற அரசு எழுத்தறிவு இயக்கம் இலவசமாகக் கற்பித்தது, அதையும் மூடிவிட்டார்கள். பள்ளிகளாவது ஒழுங்கா? 2021-ஆம் ஆண்டின் சர்வதேச ஆய்வில், நம் நாட்டு நான்காம் வகுப்புப் பிள்ளைகளில் 81 விழுக்காட்டினரால் பொருள் புரிந்து படிக்க முடியவில்லை. பொறுத்துக்கொள்ளக் கூடிய நிலையா இது?

ஒரே ஒரு விலக்கு. உங்கள் குழுவில் பழைய ஸ்டாண்டர்டு 7 தேறியபின் படிப்பை நிறுத்தியவர் இருந்தால், அவர் நான்கு நிலைகளையும் கடக்க வேண்டியதில்லை. ஸ்டாண்டர்டு 7 என்பது இன்றைய ஒன்பதாம் வகுப்பு. 21 வயது நிரம்பியிருப்பதால், பெரியவர்களுக்கான மெட்ரிக் (பள்ளி இறுதி, பன்னிரண்டாம் வகுப்பு) தேர்வுக்கே நேரடியாக விண்ணப்பிக்கலாம். ஸ்டாண்டர்டு 6 போதாது. தேறியதாகச் சொல்லும் பள்ளி அறிக்கை கையில் இருக்க வேண்டும். தொலைந்திருந்தால் முதலில் பழைய பள்ளியிலும், பிறகு மாவட்டக் கல்வி அலுவலகத்திலும் கேளுங்கள். விண்ணப்பத்தையும் அவரே நேரில் கொடுக்கட்டும். இடையில் ஆள் வேண்டாம்.