ஏர்பேக் உயிரைக் காப்பாற்றுமா, இல்லை அதுவே ஆபத்தா?

காப்பாற்றும், ஆனால் சீட் பெல்ட்டும் போட்டிருந்தால்தான் முழுப் பலன். மோதலை சென்சார் உணர்ந்ததும் கண் இமைக்கும் நேரத்துக்குள், மணிக்கு சுமார் 300 கிலோமீட்டர் வேகத்தில் பை விரிகிறது. பெல்ட் இல்லாமல் முன்னால் பாயும் தலை அந்த நேரம் பக்கத்தில் இருந்தால் கழுத்தே முறியலாம். அதனால் ஸ்டியரிங்குக்கும் நெஞ்சுக்கும் நடுவே 25 சென்டிமீட்டராவது விடுங்கள். சிராய்ப்பு, லேசான தீக்காயம் வரலாம், பரவாயில்லை.

முன் சீட்டில் மடியில் குழந்தையை வைத்துக்கொள்வது மட்டும் வேண்டவே வேண்டாம், பார்க்கவே பதறுகிறது. பின்சீட்டில், குழந்தை இருக்கையில் உட்கார வையுங்கள்.

அப்புறம், பழைய கார் வாங்கினால் டகாட்டா என்ற ஜப்பானிய நிறுவனத்தின் ஏர்பேக்குக்காகத் திரும்ப அழைக்கப்பட்டதா என்று கார் நிறுவனத்திடம் சேஸிஸ் எண் கொடுத்துக் கேளுங்கள்: வெப்பத்திலும் ஈரத்திலும் அதன் பையை விரிக்கும் வேதிப்பொருளான அம்மோனியம் நைட்ரேட் கெட்டு, பை விரியும்போது உலோகத் துண்டுகள் சிதறிப் பலர் இறந்திருக்கிறார்கள்.