தேடலில் சிக்காத சிஸ்டம் நிர்வாகிகள் குழு

வணக்கம். கோத்தகிரியில் ஒரு பள்ளியின் சர்வர்களைத் தனியாளாகப் பார்த்துக்கொள்கிறீர்கள். ரெடிட் என்ற இணைய விவாதத் தளத்தை விட்டு, அதைப் போன்ற லெம்மிக்கு வந்தபின் நம் சிஸ்டம் நிர்வாகத் துறைக் குழு ஒன்றுகூடத் தேடலில் வரவில்லை என்கிறீர்கள். குன்னூரில் இதே வேலையில் தனியாக இருப்பவன் நான். நள்ளிரவில் பேக்கப் நின்றுபோனால் யோசனை கேட்க மலையில் ஆள் கிடைப்பதில்லை. உங்கள் தவிப்பு எனக்குப் புரிகிறது.

லெம்மி ஒரே தளம் அல்ல, தனித்தனி சர்வர்களின் கூட்டமைப்பு. உங்கள் லெம்மி கணக்கு இருக்கும் சர்வரில் இதுவரை யாரும் தேடாத வெளிக்குழு அங்கே தெரியாது. சிறிய சர்வர் என்றால் வெறுமையாகத்தான் இருக்கும். லெம்மி குழுக்களைத் தொகுத்துத் தரும் லெம்மிவெர்ஸ்.நெட் பட்டியலில் தேடி, ஆச்சரியக்குறியில் தொடங்கும் குழுவின் முழு முகவரியை உங்கள் தேடல் பெட்டியில் ஒட்டுங்கள். முதலில் ஒன்றும் வராவிட்டால் சில நொடி பொறுத்து மறுபடி தேடுங்கள். பழைய விவாதங்களை அந்தக் குழுவின் சொந்தச் சர்வருக்கே போய்ப் படிப்பது நல்லது.

ஒன்றை மறைக்க மாட்டேன். 2023 ஜூலையில் வெளிச் செயலிகள் ரெடிட்டோடு இணைவதற்கான ஏபிஐ வழிக்குக் கட்டணம் வந்தபோது ரெடிட்டிலிருந்து பலர் கிளம்பினாலும், சிஸ்டம் நிர்வாகிகளின் பெருங்கூட்டம் அங்கேயேதான் இருக்கிறது. குறிப்பான பிழைச்செய்திக்கு 2009 முதல் இயங்கும் சர்வர் ஃபால்ட் என்ற கேள்வி-பதில் தளத்தில் கேளுங்கள்.

உங்கள் கணக்கு எந்தச் சர்வரில் இருக்கிறது என்று எழுதுங்கள். இன்றிரவே தேடிப் பார்க்கிறேன்.