கடல் இங்க, பாதை எங்க? – வாசகர் கேள்வி பதில்

வடசென்னையில காசிமேட்டுலேர்ந்து எண்ணூர் வரைக்கும் கடலோரமா சைக்கிள் ஓட்டுறது, நடக்குறது பத்தி வந்த கேள்விங்க இந்த வாரம்.

கேள்வி: பொண்ணு சிங்கப்பூர்ல இருக்கா. லீவுக்குப் போனப்ப ஈஸ்ட் கோஸ்ட் பார்க்குக்குக் கூட்டிட்டுப் போனா. இந்த வயசுல வாடகை சைக்கிள் எடுத்து கடலைப் பாத்துக்கிட்டே ஓட்டினேன். நடக்குறவங்களுக்குத் தனிப் பாதை, சைக்கிளுக்குத் தனிப் பாதை. இங்க எங்க மொட்டை மாடிலேர்ந்தே கடல் தெரியுது, நமக்கு ஏன் அப்படி ஒண்ணு இல்ல? – வாசகி, காலடிப்பேட்டை

முதல்ல சைக்கிள் ஏறினதுக்கு ஒரு சபாஷ்ம்மா. நீங்க ஓட்டுன அந்தக் கரை தானா வந்தது இல்ல, 1966-ல ஆரம்பிச்சு கடலைத் தூத்து எடுத்த நிலம், சுமார் 15 கிலோமீட்டர் நீளம். கொட்டுன மண்ணை அலை அள்ளிட்டுப் போயிடக் கூடாதுன்னு இடைவெளி விட்டு விட்டுக் கல்லு போட்டு, நடுவுல வளைவு வளைவா மணல் நிக்கிற மாதிரி பண்ணாங்க. பெடோக் ஜெட்டி மேல நின்னு பாத்திருந்தீங்கன்னா அந்த வளைவு கண்ணுல பட்டிருக்கும். மரம், பாதை, சாப்பாட்டுக் கடை எல்லாம் அதுக்கப்புறம் வந்ததுதான்.

நம்ம கதை உல்டா. நம்ம கடல்ல வருஷத்துல பெரும்பாலான மாசம் மணல் தெக்கேர்ந்து வடக்க நகரும், வடகிழக்குப் பருவக்காத்து சீசன்ல மட்டும் திரும்பி ஓடும், கூட்டிக் கழிச்சா வரவு வடக்குக்குத்தான். 1870-கள்ல துறைமுகத்துக்காகக் கடலுக்குள்ள சுவர் போட ஆரம்பிச்சாங்க, 1881 புயல்ல அது உடைஞ்சு போச்சு, விடாம மறுபடி கட்டுனாங்க. தெக்கேர்ந்து வந்த மணல் அந்தச் சுவர்ல முட்டி நின்னுடுச்சு. அப்படி நின்ன மணல்தான் இன்னிக்கு மெரினாவோட அகலம். 1880-கள்ல கவர்னர் கிராண்ட் டஃப் அங்க நடைபாதை போட்டப்ப கடல் இவ்ளோ தள்ளி இல்ல. அங்க சுண்டல் சாப்பிட்டுக்கிட்டு ஜனம் உக்காந்திருக்கே, அந்த மணல்ல பாதி ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூருக்கு வர வேண்டியது! வரவு நின்னதும் இந்தப் பக்கம் கடல் கரையைத் தின்ன ஆரம்பிச்சுது, குப்பத்துல பெரியவங்களைக் கேட்டா எங்க வீடு இருந்துச்சு, எங்க கோயில் இருந்துச்சுன்னு தண்ணிக்குள்ள கை காட்டுவாங்க.

அதைத் தடுக்கத்தான் கருங்கல்லைக் கொட்டுனாங்க. அப்புறம் கடலுக்குள்ள நீட்டி தூண்டில் வளைவுன்னு கல்லுச் சுவரும் போட்டாங்க, அதோட தெக்குப் பக்கம் மணல் சேந்து பசங்க கிரிக்கெட் ஆடுறாங்க, வடக்குப் பக்கம் இன்னும் அரிக்குது. துறைமுகம் பெருசாப் பண்ணுன அதே வேலையை இது சின்னதாப் பண்ணுது, அவ்வளவுதான்.

அதனால என்னைக் கேட்டா, மொதல்ல மணல், அப்புறம்தான் பாதைக்கு டைல்ஸ். இன்னொண்ணும் சொல்லிடுறேன், பாதைன்னு பேச்சு வந்தா அதிகாரிங்க கண்ணு மொதல்ல போறது வலை காயப்போடுற இடத்து மேலதான். 2023-ல மெரினா லூப் ரோட்டுல மீன் கடைங்களை எடுக்கச் சொன்னப்ப எவ்ளோ பெரிய போராட்டம் ஆச்சுன்னு பாத்தோம். குப்பத்து ஆளுங்களை உக்கார வெச்சுப் பேசாம போடுற பாதை எனக்கு வேண்டாம், அது எவ்ளோ அழகா இருந்தாலும் சரி.

கேள்வி: அப்போ பாண்டிச்சேரியில மட்டும் எப்படி முடிஞ்சுது? – வாசகர், கொருக்குப்பேட்டை

பாண்டியிலயும் இதே வியாதிதான். 1980-கள் கடைசியில துறைமுகச் சுவர் வந்தப்புறம் அதுக்கு வடக்க மணல் போச்சு, பீச் ரோட்டுக்குக் கீழ வெறும் கல்லுதான் மிச்சம். நம்ம பள்ளிக்கரணையில இருக்குற தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகம், 2018 வாக்குல தண்ணிக்குள்ள முழுகி இருக்குற மாதிரி ஒரு தடுப்பை இறக்குனாங்க, மணலும் கொட்டுனாங்க, தலைமைச் செயலகத்துக்கு எதிர்ல மறுபடி பீச் வந்துச்சு. அதுபோக சாயங்காலம் 6 மணிலேர்ந்து மறுநாள் காலைல 7:30 வரைக்கும் அந்த ரோட்டுல வண்டி விடுறதில்ல. இந்த ரெண்டாவது வேலைக்கு ஒரு பேரிகேடும் ரெண்டு போலீஸ்காரரும் போதும்.

கேள்வி: காலேஜ் பையன் நான். செகண்ட் ஹேண்ட்ல ஒரு கியர் சைக்கிள் வாங்கியிருக்கேன். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல ஓட்ட ஆசை, வீட்டுல லாரியை நெனச்சு பயப்படுறாங்க. எப்படிப் போறது? – வாசகர், தண்டையார்பேட்டை

வீட்டுல பயப்படுறது நியாயம்தான் தம்பி. காசிமேட்டுலேர்ந்து எண்ணூர் முகத்துவாரம் வரைக்கும் சுமார் 12 கிலோமீட்டர், மேடு பள்ளம் பெருசா இல்ல, காலுக்கு கஷ்டமே கிடையாது, கஷ்டமெல்லாம் கண்டெய்னர்தான். ஞாயித்துக்கிழமை வெளிச்சம் வந்ததும் கெளம்பு, இருட்டுல போகாத, பின்னாடி சிவப்பு லைட்டு கண்டிப்பா வேணும். காசிமேடு மார்க்கெட் வாசல்ல ஞாயித்துக்கிழமை விடியக்காலைலேயே திருவிழாக் கூட்டம், அங்க எறங்கி தள்ளிட்டுப் போயிடு.

லாரி நின்னுட்டிருந்தாலும் சரி, மெதுவா போனாலும் சரி, அதோட இடது பக்கம் ஒட்டி மட்டும் பூந்துடாத. டிரைவர் அவ்ளோ உயரத்துல உக்காந்திருக்கார், கேபினுக்குப் பக்கத்துல இருக்குற சைக்கிள் அவர் கண்ணாடில தெரியவே தெரியாது. டிரெய்லர் திரும்பும்போது கேபின் ஒரு கோட்டுல போகும், பின் சக்கரம் அதை விட உள்ள வெட்டிக்கிட்டு வரும், நீ ஓரமா இருக்கோம்னு நெனச்சிட்டிருக்குற இடம் அப்பதான் சுருங்கும். பின்னாடியே நில்லு, லாரி போகட்டும், யாரும் உனக்கு பிரைஸ் குடுக்கப் போறதில்ல.

போற வழியில திருவொற்றியூர்ல பட்டினத்தார் கோயில், கடலைப் பாத்து இருக்கும். அவர் கையில இருந்த கசப்பான பேய்க்கரும்போட நுனி இனிச்ச இடம் இதுதான்னு சொல்வாங்க, சைக்கிளை நிறுத்தி தண்ணி குடிக்க இதை விட நல்ல எடம் அந்த ரோட்டுல இல்ல. காலைல காத்து சாதுவா இருக்கும், வெயில் ஏறுனா தென்கிழக்குலேர்ந்து கடல் காத்து கெளம்பிடும், அப்ப எண்ணூர்லேர்ந்து திரும்புறவனுக்கு மூஞ்சில எதிர்காத்து. அதனால 9 மணிக்குள்ள வீட்டுக்கு வந்துடு. ரோட்டோரத்துல லாரிலேர்ந்து விழுந்த கம்பி, ஆணி எல்லாம் கெடக்கும், ஸ்பேர் டியூபும் பம்ப்பும் இல்லாம போனா பஞ்சர் கடை திறக்குற வரைக்கும் தள்ளணும்.

கேள்வி: ஏழு வயசுப் பையனைக் கூட்டிட்டுப் போகலாமா? – வாசகி, விம்கோ நகர்

சைக்கிள்ல வேண்டாம். நடக்க வைங்க. 2021 பிப்ரவரிலேர்ந்து உங்க ஏரியாவுக்கே மெட்ரோ ஓடுது, திருவொற்றியூர் தேரடியில எறங்கி, வடிவுடையம்மனைப் பாத்துட்டு கிழக்கால நடந்தா கடல். பெரிய ரோட்டைத் தாண்டும்போது கையை விட்டுடாதீங்க. கல்லு மேல ஏற விடாதீங்க, பாசி வழுக்கும், இடுக்குல கால் மாட்டுனா எடுக்கறது கஷ்டம்.

கேள்வி: எண்ணூர்ல புகையைத் தவிர பாக்க என்ன இருக்கு? – வாசகர், பெரம்பூர்

புகையும் இருக்கு, ஒத்துக்குறேன். அனல் மின் நிலையச் சாம்பல் படிஞ்சு கொசஸ்தலை ஆத்தோட ஆழம் கொறைஞ்சு போச்சு. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட எண்ணெய் பரவி, படகு, வலை எல்லாம் கருப்பாச்சு, அதே மாசம் 26-ஆம் தேதி ராத்திரி அமோனியா கசிஞ்சு ஜனங்க வீட்டை விட்டு ஓடுனாங்க. இதெல்லாம் தெரிஞ்சுக்கிட்டே போய்ப் பாருங்க. முகத்துவாரத்துல ஆறும் கடலும் சேர்ற எடத்துல, ஒரு பக்கம் கொக்கு, ஒரு பக்கம் சிம்னி, நடுவுல இடுப்பளவு தண்ணில நின்னு கையாலயே தடவி இறால் பிடிக்கிற ஆளுங்க. வெரலுக்கு அடியில சேத்துல இறால் துள்ளுறது தெரிஞ்ச உடனே அமுக்கிப் பிடிச்சு கூடையில போடுவாங்க. கேக்காம போட்டோ எடுக்காதீங்க, தண்ணில எறங்காதீங்க, இழுப்பு ஜாஸ்தி.

கேள்வி: திரும்பி வரும்போது காசிமேட்டுல மீன் வாங்கிட்டு சைக்கிள்லயே வரலாமா? – வாசகர், வண்ணாரப்பேட்டை

தாராளமா. செவுளைத் தூக்கிப் பாத்து செவப்பா இருந்தா வாங்குங்க. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரைக்கும் தடைக்காலம், விசைப்படகு போகாது, ஃபைபர் படகு மீன் மட்டும்தான், வஞ்சிரம் வெலை கேட்டா மயக்கம் வரும், அப்போ நெத்திலி, சங்கரான்னு கெடைக்கிறதை வாங்கிட்டு வாங்க. ஐஸ் போட்டு ரெண்டு கவரா கட்டச் சொல்லுங்க, ஹேண்டில்ல தொங்க விடாதீங்க, முன் சக்கரத்துல மாட்டும், பின்னாடி கேரியர்ல டப்பா வெச்சுக் கட்டுங்க. மீன் தண்ணியும் கடல் காத்தும் சேந்தா செயின் சீக்கிரம் துருப்பிடிக்கும், மீனை வீட்டுல குடுத்த கையோட சைக்கிளை நல்ல தண்ணில கழுவித் தொடச்சு எண்ணெய் விட்டுடுங்க.