வன்னியில் வாகனம் வராத வழிகளில் பிள்ளைகளோடு சைக்கிள் ஓட முடியுமா?

முடியும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இந்தக் கேள்விக்கு ஏற்கெனவே ஒருவர் "அங்கே காடும் மிதிவெடியும்தான், கொழும்போடு நின்றுவிட்டுத் திரும்புங்கள்" என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார். அதை வாசித்த பிறகு என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை. நான் இலங்கையின் வடக்கே வன்னியில், கிளிநொச்சிக்குப் பக்கத்து வட்டக்கச்சியில் பிறந்தவன், இன்றைக்கும் அங்கேதான் வயல் செய்கிறேன்.

நீங்கள் இங்கிலாந்திலிருந்து கேட்கிறீர்கள். பிரிஸ்டலிலிருந்து பாத் வரை பழைய ரயில் பாதையில் குடும்பமாகச் சைக்கிள் ஓடியிருக்கிறீர்கள். மலை, காடு, பூங்கா என்று அதே மாதிரிக் கார் வராத பாதை வன்னியிலும் உண்டா, ஆவணியில் பிள்ளைகளோடு வருகிறோம் என்று எழுதியிருக்கிறீர்கள். அநேகமாக உங்கள் பிள்ளைகள் கியர் சைக்கிளில் பழகியவர்களாக இருப்பார்கள். இங்கே வந்து இறங்கியதும் மாமிமார் "வெயிலுக்குள்ள என்னத்துக்குச் சைக்கிள், வான் பிடிச்சுப் போவம்" என்று சொல்லுவார்கள். அதற்கு இணங்க வேண்டாம்.

சைக்கிளுக்கென்று போட்ட பாதை இங்கே இல்லை. மலையும் இல்லை. ஒதியமலை, குருந்தூர்மலை என்று பெயர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள், ஆனால் வன்னி தட்டை நிலம், மூச்சு வாங்க ஏறுகிற ஏற்றம் எங்கேயும் கிடையாது. எங்களிடம் இருப்பவை குளங்கள். குளம் இருந்தால் குளக்கட்டு இருக்கும், கட்டிலிருந்து இறங்குகிற வாய்க்கால் இருக்கும், வாய்க்கால் ஓரமாக ஒரு கிறவல் (சரளை மண்) வீதி இருக்கும். மண்ணால் கட்டிய கட்டின் மேல் பார வாகனம் ஓடினால் கட்டுக்குக் கேடு, ஆகவே அங்கே பெரும்பாலும் வாகனம் விடுவதில்லை. வாய்க்கால் வீதி தண்ணீர் பார்க்கிறவனும் வயலுக்குப் போகிறவனும் போய்வரப் போட்டது. நீங்கள் தேடுகிற பாதை இதுதான்.

முதலில் இரணைமடுக் குளத்தைச் சொல்கிறேன், மற்றவற்றை அதற்குப் பிறகு பார்க்கலாம். கண்டி-யாழ்ப்பாணம் ஏ9 வீதியில் கிளிநொச்சி நகரம் கழிந்து தெற்கே வந்தால் இரணைமடுச் சந்தி. அங்கே கிழக்கே திரும்பினால் குளத்தடிக்கும் கனகாம்பிகை அம்மன் கோயிலுக்கும் போகலாம். கனகராயன் ஆறு தெற்கேயுள்ள காட்டுக்குள்ளால் வந்து குளத்தில் விழுகிறது. கட்டு வடக்குப் பக்கம். 36 அடிக்குத் தண்ணீர் ஏறினால் வான்கதவுகளைத் திறப்பார்கள். மொத்தம் 14 கதவுகள். வெளியேறுகிற தண்ணீர் வடக்கே ஓடிச் சுண்டிக்குளம் கடல்நீரேரியில் சேரும். 2018 டிசம்பரில் 14 கதவுகளையும் திறந்தபோது இரவிரவாகச் சனம் குளக்கட்டில் நின்றது எனக்கு நினைவிருக்கிறது. கட்டில் சைக்கிளில் போனால் ஒரு பக்கம் கண்ணுக்கெட்டியவரை தண்ணீர், அதற்கு அப்பால் கறுத்த காடு. மறுபக்கம் கீழே வயல். இந்த இரண்டையும் ஒரே பார்வையில் காண வேறு எங்கே போவது என்று எனக்குத் தெரியவில்லை. இதை ஊர்ப் பற்றில் சொல்கிறேன் என்று யாராவது நினைத்தால் நினைக்கட்டும்.

கட்டுக்கு ஏறுகிற இடத்தில் தடை போட்டிருந்தால் பக்கத்திலுள்ள நீர்ப்பாசன அலுவலகத்தில் கேட்டுவிட்டு ஏறுங்கள். தடைக்குக் கீழால் நுழைய வேண்டாம். மழைக்காலத்தில் அந்தத் தடைக்குக் காரணம் இருக்கும்.

உங்கள் ரயில் பாதைக் கதைக்கு எங்களிடமும் ஒரு கதை உண்டு. 1990இல் போரால் யாழ்தேவி ரயில் நின்ற பிறகு தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கர் கட்டப் போயின. சல்லிக் கல்லும் புல்லுமாகக் கிடந்த அந்த மேட்டில் நாங்கள் சைக்கிள் ஓடினோம். பெற்றோல் வராத காலம். வன்னியில் மோட்டார் சைக்கிள் ஓடினால் மண்ணெண்ணெயில் ஓடும், இல்லாவிட்டால் நிற்கும். நெல் மூட்டை, விறகு, நோயாளி, பிள்ளைத்தாச்சி எல்லாம் சைக்கிள் கரியலில்தான் போனது. என் அப்பா நெல் மூட்டையைப் பாரில் குறுக்கே வைத்து உருட்டிக்கொண்டு போவார், ஓடமாட்டார், ரிம் வளைந்தால் மாற்ற ரிம் கிடையாது. 2013 செப்டெம்பரில் கிளிநொச்சிக்கு ரயில் திரும்ப வந்தது. நான் நிலையத்துக்குப் போய் நின்று பார்த்தேன். உங்கள் ஊரில் ரயில் போய்ச் சைக்கிளுக்குப் பாதை கிடைத்தது. எங்களுக்குச் சைக்கிள் ஓடிய மேட்டில் ரயில் வந்தது. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ரயில் வேண்டும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அக்காவின் மகள் பேர்மிங்காமில் பிறந்து வளர்ந்தவள். ஒரு முறை தைப்பொங்கல் முடிந்த கையோடு வந்து நின்றாள். வந்த நாளிலிருந்து வீட்டுக்குள் இருந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தவள், என் மகளின் லுமாலா சைக்கிளைக் கண்டதும் "மாமா, நான் ஓடலாமா?" என்று கேட்டாள். மறுநாள் விடியக் குளத்தடிக்குக் கூட்டிப்போகிறேன் என்றேன். அக்காவுக்குப் பயம் வந்துவிட்டது. "தம்பி, உனக்கு விசரோ? பிள்ளையை யானைக் காட்டுக்குள்ள கூட்டிக்கொண்டு போகப்போறியோ?" என்றா. அக்காவையும் குறை சொல்ல ஏலாது. அவ ஊரை விட்டுப் போன போர்க்காலத்தில் காட்டுப் பக்கம் போவது என்றால் வேறு அர்த்தம்.

விடியப் போனோம். வலதுகரை வாய்க்கால் வீதியால் நான் முன்னுக்கு, என் மகள் பின்னுக்கு, நடுவில் அவள். வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மருத மரங்களுக்குக் கீழே பனி இன்னும் கலையவில்லை. பட்டி மாடுகளை ஓட்டிக்கொண்டு ஒரு பெடியன் எதிரே வந்தான். நாங்கள் இறங்கி ஓரமாக நின்றோம், மாடுகள் சைக்கிளை முகர்ந்துவிட்டுப் போயின. துருசு, அதாவது குளத்து மதகு, பார்க்கிற ஐயா கட்டடியில் இருந்தார். "ஆற்ற பிள்ளை?" என்று கேட்டார். சொன்னதும், "உன்ர அம்மம்மா இந்த வாய்க்காலிலதான் உடுப்புத் தோய்க்க வாறவ" என்று அவளுக்கு இடத்தையே காட்டினார். ஐயா காட்டிய படிக்கட்டில் அவள் போய் இருந்தாள், காலைத் தண்ணீருக்குள் விட்டாள். குளத்து நீரோரமான அலைகரைப் பக்கம் கூழைக்கடாக்கள் மிதந்துகொண்டு நின்றன. இங்கிலாந்தில் இந்தப் பறவையைப் பார்க்கப் பூங்காவுக்குக் காசு கொடுத்துப் போவதாகச் சொன்னாள்.

திரும்பும்போதுதான் அது நடந்தது. வாய்க்கால் வீதி வளைகிற இடத்தில் ஒரு டிப்பர், நிறைய ஈர மண், தண்ணீர் ஒழுக ஒழுக வருகிறது. ஹோர்ன் அடித்துக்கொண்டே வந்தானே தவிர, வேகம் குறைக்கவில்லை. மகள் வேலிப் பக்கம் பாய்ந்துவிட்டாள். அக்காவின் மகள் வாய்க்கால் பக்கம் சாய்ந்து, சைக்கிளின் முன் சில்லு தண்ணீருக்குள் போய்விட்டது. நான் கத்தினேன். சாரதி யன்னலால் தலையை வெளியே போட்டு, "சின்னப் பிள்ளையளை றோட்டில ஏன் கொண்டு வாறியள்?" என்று என்னைக் கேட்டுவிட்டுப் போனான். அது றோட்டு இல்லை. வாய்க்கால் வீதி. அதில் அவனுக்கு எந்த வேலையும் இல்லை. ஆற்றிலிருந்து அள்ளிய மணலை ஏ9இல் பொலிஸ் மறிக்காமல் கொண்டுபோக எங்கள் வாய்க்கால் ஓரத்தைப் பிடித்திருக்கிறார்கள்.

"மாமா, இந்த றோட்டை ஏன் மூடேலாது?" என்று அவள் கேட்டாள். நானும் அதைத்தான் கேட்கிறேன். கமக்காரர் நாங்கள் சேர்ந்து கடிதம் கொடுத்தோம். ஒரு அலுவலகம் அது எங்கள் பிரிவு இல்லை என்றது. அடுத்த அலுவலகம் முதல் அலுவலகத்தில் கொடுங்கள் என்றது. வீதி கிடங்கானால் கிறவல் போடுவது எங்கள் காசு. டிப்பர் ஓடி வாய்க்கால் அணைக்கட்டு இறங்கினால் கடைசி வயலுக்குத் தண்ணீர் போகாது. இது சைக்கிள் பிரச்சினை மட்டும் இல்லை.

இதற்குப் பெரிய திட்டம் ஒன்றும் தேவையில்லை. வாய்க்கால் வீதிக்குள் இறங்குகிற இடத்தில் இரண்டு பக்கமும் தூண் நட்டு உழவு இயந்திரம் போகிற உயரத்துக்குக் குறுக்கே ஒரு இரும்பு. நெல் வெட்டுகிற மெசின் வருகிற காலத்தில் மட்டும் திறக்கிற மாதிரிப் பூட்டு. திறப்பு கமக்காரர் அமைப்பிடம் இருக்கட்டும். உழவு இயந்திரத்தையும் நிற்பாட்டச் சொல்கிறான் என்று யாரும் வரவேண்டாம், என்னிடமும் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் இருக்கிறது. அப்புறம், சனம் வேலை இல்லாமல் இருக்கும்போது வெளிநாட்டு ஆட்களுக்குச் சைக்கிள் பாதையா என்றும் கேட்பார்கள். வாய்க்கால் வீதியில் தினமும் சைக்கிள் ஓடுகிறவர்கள் நாங்கள். கூலிக்குப் போகிற பெண்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள். வெளிநாட்டுப் பிள்ளைகள் வருடத்தில் ஒரு மாதம் வருவார்கள், அவ்வளவுதான்.

பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்றதும் இதையும் சொல்லாமல் விட முடியாது. சீசன் டிக்கெட் எடுத்த பிள்ளைகள் கையைக் காட்டினால் பஸ் நிற்பதில்லை. காசு கொடுக்கிற பயணி நின்றால் நிற்கும். வெள்ளைச் சட்டை போட்ட பிள்ளைகள் நின்றால் சாரதி மற்றப் பக்கம் பார்ப்பார். என் மகள் மழையில் நனைந்து நின்றுவிட்டுக் கடைசியில் ஏ9இல் சைக்கிளில் போகத் தொடங்கினாள். லொறியும் சொகுசு பஸ்ஸும் பறக்கிற அந்த வீதியில் மஞ்சள் கோட்டுக்கு வெளியே ஒரு முழ இடத்தில் பிள்ளைகள் வரிசையாகப் போவதை நீங்கள் வரும்போது பார்ப்பீர்கள். அவர்களுக்கு வாய்க்கால் வீதியைப் பாதுகாத்துக் கொடுத்தால் பாதித் தூரம் பயமில்லாமல் போவார்கள்.

மற்ற இடங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அக்கராயன்குளம் அமைதியான இடம், சின்னப் பிள்ளைகளுக்கு நல்லது. மல்லாவிப் பக்கம் வவுனிக்குளம், பாலியாற்றை மறித்துக் கட்டியது. ஒட்டுசுட்டான் பக்கம் முத்தையன்கட்டு. அதைச் சுற்றியுள்ள காடு அழகு, ஆனால் யானை நடமாட்டம் உள்ள இடம், ஊரவர் ஒருவர் கூட வராமல் போக வேண்டாம். மன்னாரில் கட்டுக்கரைக்குளம், வலசை வருகிற பறவைகளைப் பார்க்க அதைவிட நல்ல இடம் வன்னியில் இல்லை. சுண்டிக்குளமும் மடுவீதிக் காடும் 2015இல் தேசியப் பூங்கா ஆக்கப்பட்டவை. அவற்றுக்குள் நினைத்தபடி சைக்கிளை விட முடியாது, கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். பூநகரி வழியாக மன்னார் போகிற ஏ32 காலியாகக் கிடக்கிறது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். காலியாகக் கிடப்பதால்தான் பஸ் அங்கே பறக்கிறது.

மிதிவெடி பற்றி. முதலில் சொன்ன அந்தப் பதிலில் இருந்த பயத்தை நான் அடியோடு தள்ளவில்லை. முகமாலை மாதிரி வெடி நெருக்கமாகப் புதைத்த இடங்களில் வருடக்கணக்காகக் கிளறி எடுத்தார்கள், அந்த வேலையில் எங்கள் ஊர்ப் பெண்கள் முழந்தாளில் இருந்து மண்ணைக் கிளறியிருக்கிறார்கள். மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை கண்டால் திரும்புங்கள். சனம் தினமும் போகிற கட்டிலும் வாய்க்கால் வீதியிலும் பயப்பட ஒன்றும் இல்லை. பாதையை விட்டுப் பற்றைக்குள் இறங்குவதுதான் கூடாது, ஒதுங்குவதற்குக்கூட.

ஆவணியில் வருகிறேன் என்கிறீர்கள், அது எனக்குக் கொஞ்சம் கவலை. அப்போது சிறுபோக அறுவடைக் காலம். குளம் வற்றிக் கிடக்கும், வாய்க்கால் காயத் தொடங்கும், வீதியெல்லாம் நெல் காயப்போட்டிருப்பார்கள். அந்த நெல்லின் மேல் சைக்கிள் ஓடாதீர்கள், இறங்கி ஓரத்தால் உருட்டிக்கொண்டு போங்கள். சோளகக் காற்று தண்ணீர்ப் பக்கமிருந்து கட்டில் பக்கவாட்டாக அடிக்கும், பத்து மணிக்குப் பிறகு சின்னப் பிள்ளை சைக்கிளை நேராகப் பிடிக்க முடியாது. ஆகவே விடிய ஆறு மணிக்கு முன்னமே வீட்டிலிருந்து வெளிக்கிட்டுவிட வேண்டும். அந்திக்குக் கட்டில் நிற்காதீர்கள். வெயில் தாழ்ந்தால் யானை தண்ணிக்கு வரும், அதிலும் தனியன் வந்தால் சைக்கிள் உதவாது. குளத்தில் முதலை உண்டு, அலைகரையில் பிள்ளைகளை இறக்க வேண்டாம்.

முடிந்தால் தையில் வாருங்கள். பள்ளிக்கூட விடுமுறை சரிவராது என்று தெரியும். ஒரு வருடமாவது மார்கழி விடுமுறையை நீட்டித் தை முதல் கிழமை வரைக்கும் நில்லுங்கள்.

சைக்கிள் கொண்டுவர வேண்டாம். மெல்லிய டயர் கிறவலில் நிற்காது, முள்ளுக்கு ஒரு மணித்தியாலம் தாங்காது. சொந்தக்காரர் வீட்டில் பழைய சைக்கிள் எப்படியும் இருக்கும். சந்திக் கடையில் கொடுத்து டியூப் மாற்றி, பிரேக் கட்டை போட்டு, செயினுக்கு எண்ணெய் விட்டால் போதும். இருக்கை உயரம் பிள்ளைகளுக்கு ஏற்றபடி இறக்கித் தரச் சொல்லுங்கள். ஒட்டுப் பெட்டியும் ஒரு பம்பும் வாங்கிக் கரியலில் கட்டுங்கள், குளத்தடியில் கடை இல்லை. ஹெல்மெட் மட்டும் அங்கிருந்து கொண்டுவாருங்கள், பிள்ளைகள் அளவுக்கு இங்கே கிடைப்பது கஷ்டம். போகிற நாளைக்கு முதல் நாள் துருசடியில் இருக்கிற ஆளிடம் ஒரு சொல் சொல்லிவிடுங்கள். யானை எந்தப் பக்கம் நிற்கிறது, எந்த வீதியில் டிப்பர் ஓடுகிறது என்று அவருக்குத்தான் அன்றன்றைக்குத் தெரியும்.